செல்போன் கதிர்வீச்சு உடம்ப என்ன பண்ணுது? திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதில்களும்

செல்போன் பேசினா மூளைல கட்டி வருமா வராதா, சுத்தி வளைக்காம சொல்லுங்க?

மனுஷங்கள வெச்சு இதுவரைக்கும் நடந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தா, வருதுன்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கிட்டதால ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் முன்னாடி நின்னு ஒரு பெரிய தொகுப்பாய்வு பண்ணி 2024ல வெளியிட்டாங்க. 1994லேர்ந்து 2022 வரைக்கும் வந்த 63 கட்டுரை, 22 நாட்டு டேட்டா. போன் பேசுறதுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியல, பத்து வருஷத்துக்கு மேல பேசுனவங்ககிட்டயும் தெரியல. அவங்களே இதுக்கு "ஓரளவு உறுதி"ன்னுதான் மார்க் போட்டாங்க, முழு உறுதின்னு போடல.

இத சொன்ன உடனே அப்ப எலிக்கு கேன்சர் வந்த அந்த ஆராய்ச்சி என்னாச்சு, அப்ப உலக சுகாதார நிறுவனத்தோட 2பிங்குற கேன்சர் லிஸ்ட் என்னாச்சுன்னு கேள்வி வரும், நியாயமான கேள்விதான், கீழ வரிசையா வர்றேன். முதல்ல ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், இந்த சப்ஜெக்ட்ல ஓட்டை இல்லாத ஆராய்ச்சின்னு ஒண்ணு கிடையவே கிடையாது, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு இடத்துல ஓட்டை. அதனால ஏதாவது ஒரு ஆராய்ச்சிய மட்டும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு சண்டை போடுறவங்க, பயமுறுத்துற பக்கமா இருந்தாலும் சரி ஒண்ணுமே இல்லைங்குற பக்கமா இருந்தாலும் சரி, பாதிக் கதைதான் சொல்றாங்க. ஓட்டைங்க வேற வேற இடத்துல இருந்தும் எல்லாம் ஒரே பக்கம் சாயுதான்னுதான் நான் பாப்பேன்.

கதிர்வீச்சுன்னாலே கேன்சர் தானே, எக்ஸ்ரே எடுக்கும்போது கூட வெளிய நிக்கச் சொல்றாங்களே?

எக்ஸ்ரே வேற ஜாதி. எக்ஸ்ரே, காமா கதிர் இதெல்லாம் அணுவுலேர்ந்து எலக்ட்ரானப் பிச்சு எடுக்குற பவர் உள்ளது, அதனால டிஎன்ஏவ நேரடியா உடைக்க முடியும். அதுக்கு சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் (அணு மட்டத்துல எனர்ஜிய அளக்குற அலகு) வேணும். போன்ல வர்ற ரேடியோ அலை, 2 கிகாஹெர்ட்ஸ்னு வெச்சுக்கோங்க, அதோட ஒரு ஃபோட்டான்ல, அதாவது அலையோட ஒரு சின்ன எனர்ஜிப் பொட்டலத்துல, இருக்குறது ஏறக்குறைய அதுல பத்து லட்சத்துல ஒரு பங்கு. நெறைய ஃபோட்டான் வந்தா சேர்த்து உடைச்சிடாதான்னு கேப்பாங்க, இந்த அளவுல அப்படி சேராது, எத்தனை வந்தாலும் சூடு மட்டும்தான் ஏறும். நம்ம கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமே போன் அலைய விட லட்சக்கணக்கான மடங்கு எனர்ஜி உள்ளது.

ஆனா இத மட்டும் சொல்லி விஷயத்த முடிச்சிட்டா அது ஏமாத்து வேலை. டிஎன்ஏவ நேரா உடைக்காமலே கேன்சர் வர வைக்குற பொருளும் உலகத்துல இருக்கு. இயற்பியல் சொல்றது "வர்றதுக்கு வழி தெரியல"ன்னுதான், வரவே வராதுன்னு சொல்லணும்னா ஆளுங்களப் பாத்துதான் சொல்லணும். அதுக்குத்தான் இவ்ளோ ஆராய்ச்சி.

ரொம்ப நேரம் பேசினா காது சூடாகுதே, அது அந்த அலையால தானே?

பெரும்பாலும் இல்ல. பேட்டரியும் சர்க்யூட்டும் சூடாகுது, அதோட ஒரு பொருள காதுல ஒட்ட வெச்சா தோல்ல இருக்குற சூடு வெளிய போக வழி இல்லாம தேங்குது, ரெண்டும் சேர்ந்துதான் அந்த சூடு. ரேடியோ அலையும் கொஞ்சம் சூடாக்கும்தான், ஆனா அனுமதிச்ச அளவுக்குள்ள இருந்தா மூளைல ஏறுறது ஒரு டிகிரில பத்துல ஒரு பங்கு ரெண்டு பங்கு ரேஞ்சுதான். ரத்த ஓட்டம் அத சமாளிச்சிடும், லேசா காய்ச்சல் வந்தாலே இத விட பல மடங்கு ஏறுது.

எஸ்ஏஆர்னு ஒரு நம்பர் போட்டிருக்கே, கம்மியா இருக்குற போனா வாங்கினா சேஃபா?

எஸ்ஏஆர்ங்குறது உடம்புல ஒரு கிலோ திசு எத்தனை வாட் எனர்ஜிய உள்ள இழுக்குதுங்குற கணக்கு. அமெரிக்கால தலைக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசு மேல சராசரி எடுத்து. ஐரோப்பால 2 வாட், பத்து கிராம் மேல சராசரி. இந்தியா அமெரிக்கக் கணக்க எடுத்துக்குச்சு. இந்த எல்லை எங்கேர்ந்து வந்துச்சுன்னா, மொத்த உடம்புக்கும் கிலோவுக்கு 4 வாட் குடுத்தா உடம்போட வெப்பம் ஒரு டிகிரி கிட்ட ஏறும்னு கண்டுபுடிச்சாங்க, அதுலேர்ந்து வேலை செய்யுறவங்களுக்கு பத்து மடங்கு இறக்கி 0.4, பொதுமக்களுக்கு அம்பது மடங்கு இறக்கி 0.08. தலை மாதிரி சின்ன இடத்துக்குத் தனி கணக்கு, அதான் மேல சொன்ன 1.6ம் 2ம்.

பெட்டி மேல போட்டிருக்குற நம்பர் போன் முழு பவர்ல கத்தும்போது எடுத்த உச்ச அளவு. நிஜத்துல போன் எப்பவும் டவருக்கு எட்டுற அளவு பவர் மட்டும்தான் எடுக்கும், சிக்னல் நல்லா இருந்தா ரொம்பக் கம்மி. அதனால எஸ்ஏஆர் 1.2 போன நல்ல சிக்னல்ல பேசுறவருக்கு விழுறது, 0.8 போன லிஃப்ட்டுக்குள்ள நின்னு பேசுறவர விட கம்மியா இருக்கலாம். ரெண்டு போனோட நம்பர ஒப்பிட்டுப் பாத்து வாங்குறது என்னைக் கேட்டா டைம் வேஸ்ட்.

அப்ப பிரான்ஸ்ல ஐபோன தடை பண்ணாங்களே?

2023 செப்டம்பர்ல ஐபோன் 12ஓட விற்பனைய நிறுத்தச் சொன்னாங்க. கைல புடிக்குற மாதிரி டெஸ்ட்ல கிலோவுக்கு 5.74 வாட் வந்துச்சு, கை காலுக்கு அங்க எல்லை 4. ஆப்பிள் சாஃப்ட்வேர் அப்டேட் குடுத்து சரி பண்ணுச்சு. எல்லையத் தாண்டினது தப்புதான், கேட்டதும் சரிதான், ஆனா எல்லைக்கு மேல அவ்ளோ மார்ஜின் வெச்சிருக்குறதால யாருக்கும் ஏதாவது ஆச்சுன்னு அர்த்தம் இல்ல.

உலக சுகாதார நிறுவனமே கேன்சர் வரும்னு சொல்லிட்டாங்களே, 2பி?

2011 மே மாசம் பிரான்ஸ்ல லியோன் நகரத்துல அவங்களோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஐஏஆர்சி கூடுச்சு, 14 நாட்டுலேர்ந்து 31 விஞ்ஞானிகள். ரேடியோ அலைகள 2பில போட்டாங்க, அதாவது கேன்சர் உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம், ஆதாரம் குறைவு. இந்த லிஸ்ட்ல எல்லாரும் மிஸ் பண்ற விஷயம் ஒண்ணு இருக்கு. ஐஏஆர்சி பாக்குறது ஆதாரம் எவ்ளோ ஸ்ட்ராங்குன்னு மட்டும்தான், ஆபத்து எவ்ளோ பெருசுன்னு பாக்குறதே இல்ல. அதனாலதான் சிகரெட்டும் பதப்படுத்தின இறைச்சியும் ஒரே குரூப் 1ல, அதாவது ஆதாரம் உறுதியா இருக்குற லிஸ்ட்ல இருக்கு, ரெண்டும் சமமான ஆபத்துன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதே 2பில முழு இலைக் கற்றாழைச் சாறும் இருக்கு. காபி 1991லேர்ந்து 2பில இருந்துச்சு, சிறுநீர்ப்பை கேன்சருக்காக, 2016ல ஆதாரம் போதலன்னு குரூப் 3க்கு இறக்கிட்டாங்க.

ரேடியோ அலைய 2பில போட்டதுக்கு முக்கியக் காரணம் ரெண்டு, இன்டர்போன்னு ஒரு ஆராய்ச்சி, அப்புறம் ஸ்வீடன்ல லென்னார்ட் ஹார்டெல் குழுவோட ஆராய்ச்சிங்க.

அந்த இன்டர்போன்ல என்னதான் கண்டுபுடிச்சாங்க?

இது கொஞ்சம் நீளமா போகும், ஆனா இது புரிஞ்சா பாதி சண்டை தீர்ந்துடும். 13 நாடு, மூளைல கட்டி வந்தவங்களயும் வராதவங்களயும் 2000லேர்ந்து 2004 வரைக்கும் பேட்டி எடுத்தாங்க, 2010ல ரிசல்ட். கிளியோமாங்குற கட்டி வந்தவங்க மட்டும் 2,708 பேர். எவ்ளோ பேசுனீங்க, எத்தனை வருஷமா, எந்தக் காதுல, இதெல்லாம் கேட்டாங்க.

ரிசல்ட் விசித்திரமா இருந்துச்சு. சாதாரணமா போன் பேசுறவங்களுக்கு, பேசாதவங்கள விட கட்டி வர்ற வாய்ப்பு 19 சதவீதம் கம்மின்னு வந்துச்சு. போன் பேசினா மூளைக்கு நல்லதா? யாரும் அத நம்பல. அதே ஆராய்ச்சில, வாழ்நாள்ல மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல பேசுன உச்சத்துல இருக்குற பத்து சதவீதம் பேருக்கு மட்டும் 40 சதவீதம் அதிகம்னு வந்துச்சு. பேப்பர்க்காரங்க எந்தப் பாதிய தலைப்பா போட்டாங்கன்னு நான் சொல்லவே வேண்டாம்.

கம்மின்னு வந்ததுக்குக் காரணம் ஓரளவு தெரியும். கட்டி வராதவங்கள பேட்டிக்குக் கூப்பிட்டா பாதிப் பேர் வர மாட்டேன்னுட்டாங்க, வந்தவங்கள்ல போன் வெச்சிருக்குறவங்கதான் அதிகம், அதனால ஆரோக்கியமா இருக்குற குரூப்ல போன் பயன்பாடு நிஜத்த விட அதிகமா தெரிஞ்சுது. அதிகம்னு வந்ததுக்கும் சந்தேகப்படக் காரணம் இருக்கு. மூளைல கட்டின்னு டாக்டர் சொன்ன ஒருத்தர் எதனால வந்துச்சு எதனால வந்துச்சுன்னு மண்டைய உடைச்சுக்கிட்டு இருப்பாரு, அவருகிட்ட போய் பத்து வருஷம் முன்னாடி எவ்ளோ பேசுனீங்கன்னு கேட்டா நம்பர் பெருசாத்தான் வரும். ஒருநாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல பேசுனேன்னு சொன்னவங்களும் அதுல இருந்தாங்க. ஹார்டெல் குழுவோட ஆராய்ச்சிங்கள்ல ரிஸ்க் இன்னும் அதிகமா வந்துச்சு, ஆனா அவங்களும் நோய் வந்தவங்க ஞாபகத்தத்தான் நம்பியிருந்தாங்க, அதே ஓட்டை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க. கிளியோமா அரிதான நோய், அமெரிக்கால வருஷத்துக்கு லட்சம் பேர்ல சுமார் 6 பேருக்கு. அந்த 40 சதவீதம் முழுக்க உண்மைன்னே வெச்சாலும் அதிகமா பேசுற குரூப்ல அது எட்டு சொச்சம் ஆகும்.

ஞாபகத்த நம்பாம, முன்னாடியே ஆளுங்கள எழுதி வெச்சு அப்புறம் யாருக்கு வருதுன்னு பாக்கலாமே?

பாத்தாங்க. டென்மார்க்ல 1982லேர்ந்து 1995 வரைக்கும் கனெக்ஷன் வாங்கின 4,20,095 பேரோட லிஸ்ட்ட கம்பெனிங்ககிட்ட வாங்கி, நாட்டோட கேன்சர் பதிவேட்டோட ஒட்டிப் பாத்தாங்க. தொடர்பு இல்லன்னு வந்துச்சு, 2011ல அப்டேட் பண்ணப்பவும் அதேதான். இதுல ஞாபக ஓட்டை கிடையாது, ஆனா வேற ஓட்டை பெருசாவே இருக்கு. ஆபீஸ் பேர்ல வாங்கின சுமார் ரெண்டு லட்சம் கனெக்ஷன்கள ஆள் யாருன்னு தெரியாததால விட்டுட்டாங்க, அந்தக் காலத்துல ரொம்பப் பேசுனதே அவங்கதான், அவங்க "போன் இல்லாதவங்க" பக்கம் போய் உக்காந்துட்டாங்க. 95க்கு அப்புறம் வாங்கின எல்லாரும்கூட அந்தப் பக்கம்தான்.

பிரிட்டன்ல மில்லியன் விமன் ஸ்டடி, 7,76,156 பெண்கள், 2022ல வந்த அப்டேட்டுல தினமும் பேசுறவங்களுக்கும் பேசவே பேசாதவங்களுக்கும் மூளைக்கட்டில வித்தியாசம் இல்ல. ஓட்டை என்னன்னா நடுத்தர வயசுப் பெண்கள் மட்டும்தான், ரொம்ப நேரம் பேசுறவங்க அதுல கம்மி.

இந்த ரெண்டு ஓட்டையயும் அடைக்கத்தான் காஸ்மாஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. டென்மார்க், ஸ்வீடன், ஃபின்லாந்து, நெதர்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ்னு பல நாட்டு ஆளுங்க. நோய் வர்றதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி, போன் கம்பெனி ரெக்கார்டையும் வாங்கி ஞாபகத்த சரி பாத்தாங்க. 2024ல வந்த ரிசல்ட் 2,64,574 பேர், சராசரி ஏழு வருஷம் பின்தொடர்ந்து, பேசுன மணி நேரம் கூடக் கூட கட்டி கூடுதான்னு பாத்தா கூடல. ஏழு வருஷம் பத்துமான்னு கேக்கலாம், ஆனா உள்ள வரும்போதே பல பேர் பத்து பதினஞ்சு வருஷமா பேசிக்கிட்டு இருந்தவங்க.

கடைசியா கேன்சர் பதிவேடு. தொண்ணூறுகள்ல யார்கிட்டயும் போன் இல்ல, இப்ப எல்லார்கிட்டயும் இருக்கு, ரிஸ்க் பெருசா இருந்தா நாட்டோட மொத்த எண்ணிக்கைல ஒரு மேடு தெரிஞ்சிருக்கணும். டென்மார்க், ஸ்வீடன் மாதிரி நார்டிக் நாடுகள்லயும் அமெரிக்காலயும் ஆஸ்திரேலியாலயும் தேடுனாங்க, போனோட சேர்ந்து ஏறுற மாதிரி எதுவும் தெரியல. சில வகைக் கட்டிங்க சில வயசுக்காரங்ககிட்ட கூடியிருக்கு, அது ஸ்கேன் நல்லா வந்ததால கண்டுபுடிக்குறது கூடினதுன்னு பெரும்பாலும் விளக்குறாங்க. ரொம்ப சின்ன ரிஸ்க்க, இல்லன்னா நாப்பது வருஷம் கழிச்சு வர்ற ரிஸ்க்க இந்த முறைல புடிக்க முடியாது, அத ஒத்துக்கணும்.

சரி அந்த எலி ஆராய்ச்சி? அதுல கேன்சர் வந்துச்சே?

வந்துச்சு. இத மறைக்குறவங்க மேல எனக்குக் கோவம் வரும். அமெரிக்க அரசோட தேசிய நச்சியல் திட்டம், சுருக்கமா என்டிபி, கோடிக்கணக்குல டாலர் செலவு பண்ணி எலிகள தனி அறைல வெச்சு, கருவுல இருக்கும்போதே ஆரம்பிச்சு ரெண்டு வருஷம், ஒருநாளைக்கு 9 மணி நேரம் 2ஜி 3ஜி சிக்னல் குடுத்தாங்க. 2018ல இறுதி அறிக்கை. ஆண் எலிகள்ல இதயத்துல ஷ்வானோமான்னு ஒரு அரிய புற்றுக்கட்டி, அதுக்கு "தெளிவான ஆதாரம்"னு எழுதினாங்க. உச்ச அளவு குடுத்த 90ல ஒரு சிக்னலுக்கு 5, இன்னொண்ணுக்கு 6, சிக்னல் குடுக்காத 90ல பூஜ்யம். மூளைக்கட்டிக்கு "கொஞ்சம் ஆதாரம்". அதே வருஷம் இத்தாலில ராமஸினி நிறுவனமும் டவர் மாதிரி சிக்னல் குடுத்து ஆண் எலிகள்ல அதே இதயக் கட்டி கூடினதா சொன்னாங்க. 2025ல உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பண்ணின விலங்கு ஆராய்ச்சித் தொகுப்பாய்வும் இந்த ரெண்டு கட்டிக்கும் எலிகள்ல அதிக உறுதின்னு மார்க் போட்டுச்சு.

இப்ப ஓட்டைங்க. உச்ச அளவு மொத்த உடம்புக்கும் கிலோவுக்கு 6 வாட், மேல சொன்ன பொதுமக்கள் எல்லை 0.08, அதாவது 75 மடங்கு. பெண் எலிகள்ல அந்தத் தெளிவான ஆதாரம் இல்ல, சுண்டெலிகள்லயும் இல்ல. இதெல்லாத்தையும் விடக் குழப்பமானது, சிக்னல் வாங்கின ஆண் எலிங்க சிக்னல் வாங்காத எலிகள விட அதிக நாள் உயிரோட இருந்துச்சு! வயசானாதான் கட்டி வரும், சீக்கிரம் செத்துப் போன குரூப்ல பூஜ்யம்னு வந்ததுக்கு அதுவே ஒரு காரணமா இருக்கலாம். அமெரிக்காவோட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ இத மனுஷனுக்குப் பொருத்த முடியாதுன்னு ஒதுக்கிடுச்சு. நான் அவ்ளோ வேகமா ஒதுக்க மாட்டேன், நரம்ப மூடியிருக்குற ஷ்வான் செல்லுல வர்ற கட்டிதான் ஷ்வானோமா, அதே வகைக் கட்டிதான் நம்ம காது நரம்புலயும் வரும், அதனால அந்தக் காது நரம்புக் கட்டிய மனுஷங்ககிட்ட தேடுனது சரியான வேலை. தேடிட்டாங்க, காஸ்மாஸ்லயும் கூடலன்னுதான் வந்துச்சு.

ஆராய்ச்சிக்குக் காசு குடுக்குறதே போன் கம்பெனிங்க தானே?

சிலதுக்கு ஆமா, சந்தேகப்பட ஆதாரமும் இருக்கு. 2007ல சுவிஸ் ஆராய்ச்சியாளர்கள் 59 ஆய்வக ஆராய்ச்சிகள எடுத்து யார் காசு குடுத்தாங்கன்னு பிரிச்சுப் பாத்தாங்க, கம்பெனி மட்டும் காசு குடுத்ததுல பாதிப்பு இருக்குன்னு ரிசல்ட் வர்ற வாய்ப்பு ரொம்பக் கம்மி. அதனால கம்பெனி காசுல வந்தத தனியா எடுத்து வெச்சுட்டே பாருங்க, மில்லியன் விமன் ஸ்டடியும் கேன்சர் பதிவேடும் மிச்சம் நிக்கும். எலிக்கு கேன்சர்னு சொன்ன என்டிபியும் அரசாங்கக் காசுதான்.

குழந்தைங்களுக்கு மண்டையோடு மெலிசு, அவங்களுக்கு ஜாஸ்தி பாதிப்பு இருக்குமே?

மூளைல சில இடத்துக்கு குழந்தைகளுக்கு அதிகமா போகுதுங்குறது மாடல்கள்ல தெரியுது, அதனால கேள்வி சரி. மோபி கிட்ஸ்னு 14 நாட்டுல 10லேர்ந்து 24 வயசு வரைக்கும், கட்டி வந்த சுமார் 900 பேர வெச்சுப் பாத்தாங்க, ரிஸ்க் கூடல. அதுக்கு முன்னாடி 2011ல டென்மார்க், ஸ்வீடன், நார்வே, சுவிட்சர்லாந்துல 7லேர்ந்து 19 வயசு 352 பேர், அதுலயும் இல்ல. ரெண்டும் பேட்டி எடுத்த ஆராய்ச்சிதான், இன்டர்போன் ஓட்டை இதுக்கும் பொருந்தும். குழந்தைங்க விஷயத்துல நான் கவலைப்படுறது ரேடியோ அலைய இல்ல, தூக்கத்த. கீழ வருது.

பேன்ட் பாக்கெட்ல வெச்சா ஆம்பளைங்களுக்குப் பிரச்சனை வருமாமே?

கேன்சர விட இந்தக் கேள்விக்குத்தான் பதில் இன்னும் கலங்கலா இருக்கு. சுவிட்சர்லாந்துல 2005லேர்ந்து 2018 வரைக்கும் 18லேர்ந்து 22 வயசு ஆண்கள் 2,886 பேர்கிட்ட விந்து பரிசோதனை பண்ணி 2023ல வெளியிட்டாங்க. ஒருநாளைக்கு 20 தடவைக்கு மேல போன எடுக்குறவங்களுக்கு விந்தணு செறிவு குறைஞ்ச அளவுக்குக் கீழ போற வாய்ப்பு 30 சதவீதம் அதிகம். ஆனா அதே டேட்டால பாக்கெட்ல வெக்குறதுக்கும் விந்தணு குறையுறதுக்கும் தொடர்பு இல்ல! அலைதான் காரணம்னா பாக்கெட்தான முதல்ல மாட்டணும்? இன்னொரு பக்கம் 2ஜி காலத்துல இருந்த தொடர்பு 4ஜி வரும்போது மங்கிப் போச்சு, 4ஜி போன் பவர் கம்மியா எடுக்குறதால இருக்கலாம்னு அவங்க சொல்றாங்க, அது அலை பக்கம் சாயுற பாயிண்ட். போனயே புடிச்சுக்கிட்டு இருக்குறவங்களோட தூக்கம், உடற்பயிற்சி, மன அழுத்தம் இதெல்லாம் வேற மாதிரி இருக்கும், அத முழுசா பிரிக்க முடியாது. குழந்தைக்கு முயற்சி பண்றவங்க பாக்கெட்லேர்ந்து எடுத்து மேஜைல வெச்சுக்கோங்க, செலவு இல்லாத வேலை.

டவர் பக்கத்துல போனாலே எனக்குத் தலைவலி வருது, நடிக்கிறேன்னு சொல்றீங்களா?

நடிப்புன்னு யாரும் சொல்லக் கூடாது, வலி நிஜம். எதனாலங்குறதுதான் கேள்வி. இதுக்கு அழகான ஒரு முறை இருக்கு, சிக்னல் ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு உக்காந்திருக்குறவருக்கும் தெரியாது, டெஸ்ட் எடுக்குறவருக்கும் தெரியாது. 2005ல லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட 31 சோதனைகள, மொத்தம் 725 பேர, சேர்த்துப் பாத்தாங்க. ஆன்ல இருக்குறத ஊகத்துக்கு மேல கண்டுபுடிக்க முடியல, தலைவலி ஆஃப்லயும் வந்துச்சு. 2013ல இன்னொண்ணு, வைஃபை ஆபத்துன்னு ஒரு டிவி நிகழ்ச்சிய சிலருக்குப் போட்டுக் காட்டி, அப்புறம் வைஃபை ஆன் பண்றோம்னு பொய் சொல்லி உக்கார வெச்சாங்க. சிக்னலே இல்ல, 147 பேர்ல பாதிக்கு மேல ஏதோ ஒரு தொந்தரவு வந்துச்சுன்னு சொன்னாங்க, ஏற்கனவே பதட்டப்படுற சுபாவம் உள்ளவங்க அந்த நிகழ்ச்சியப் பாத்துட்டு வந்தா இன்னும் ஜாஸ்தி. பயம் உடம்புல வலியா இறங்கும், அதுக்கு சிகிச்சை வேற.

டவரப் பத்தி தனியா ஒரு வார்த்தை. அலை தூரத்தோட சட்டுனு இறங்கிடும், காதுல ஒட்டியிருக்குற போன்லேர்ந்து தலைக்கு வர்றது தெருமுனை டவர்லேர்ந்து வர்றத விட பல மடங்கு. டவர் தூரமா போனா போன் கத்திப் பேசணும், அதனால டவர விரட்டினா தலைக்கு விழுறது கூடும். பிரிட்டன்ல 2010ல, கர்ப்பமா இருக்கும்போது அம்மா டவர் பக்கத்துல இருந்தாங்களான்னு கேன்சர் வந்த 1,397 சின்னக் குழந்தைங்க விஷயத்துல பாத்தாங்க, தொடர்பு இல்ல.

5ஜி புதுசாச்சே, அதுக்கு டெஸ்டே பண்ணலையே?

பெரும்பாலான 5ஜி ஓடுறது 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல, வைஃபை ஏரியாதான். 24க்கு மேல போற மில்லிமீட்டர் அலை தோல்ல ஒரு மில்லிமீட்டர் கூட உள்ள போகாது. அந்த ரேஞ்சுல நீண்ட கால ஆராய்ச்சி கம்மிங்குறது உண்மை, தோலும் கண்ணும்தான் பாக்க வேண்டிய இடம். கொரோனாவுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டு 2020ல பிரிட்டன்ல டவரக் கொளுத்தினாங்க, அதப் பத்திப் பேச ஒண்ணும் இல்ல.

அப்ப போன் அலை மூளைல எந்த வேலையும் பண்றதில்லையா?

பண்ணுது. 2011ல அமெரிக்கால நோரா வோல்கோவ் குழு 47 பேருக்கு காதுல போன வெச்சு, சத்தம் வராம ஒரு போன் கால ஓட விட்டு, 50 நிமிஷம் கழிச்சு ஸ்கேன் எடுத்தாங்க, ஆன்டெனா பக்கத்துல மூளை சர்க்கரைய எரிக்குறது 7 சதவீதம் கூடியிருந்துச்சு. தூங்கும்போது எடுக்குற மூளை அலைலயும் சின்ன மாற்றம் பல சோதனைகள்ல வந்திருக்கு. மாற்றம் வேற, கெடுதல் வேற, கண்ண மூடித் திறந்தாலே மூளை அலை மாறும். ஆனா "எந்த விளைவும் கிடையாது"ன்னு அடிச்சுச் சொல்றவங்க இதப் படிச்சிருக்க மாட்டாங்க.

தூக்கத்துல என்ன கெடுதுன்னு சொன்னீங்க?

கருவி கைல இருக்குறதே கெடுக்குது. 2016ல 20 ஆராய்ச்சி, 1,25,198 குழந்தைங்க, படுக்குற நேரத்துல கருவி பயன்படுத்துறவங்களுக்குத் தூக்கம் பத்தாம போற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கு மேல. வெளிச்சம் ஒரு காரணம், 2015ல 12 பேர ஆய்வகத்துல வெச்சு அஞ்சு நாள் படுக்குறதுக்கு முன்னாடி திரைல படிக்க வெச்சாங்க, தூக்கத்துக்கு உதவுற மெலடோனின் ஹார்மோன் இறங்குச்சு, தூக்கம் வர சுமார் 10 நிமிஷம் கூட ஆச்சு. பத்து நிமிஷம்தான் பாருங்க, நைட் மோட் போட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்காதீங்க, இன்னொரு வீடியோ இன்னொரு வீடியோன்னு ஒன்றரை மணி நேரம் போறதுதான் பெரிய நஷ்டம்.

போனால வர்ற ஆபத்துலயே ரொம்ப உறுதியா நிரூபிச்சது எது?

வண்டி ஓட்டும்போது பேசுறது. 1997ல கனடால டொராண்டோல, விபத்துல மாட்டின 699 ஓட்டுநர்களோட பில்ல வாங்கி, விபத்துக்கு முன்னாடி பத்து நிமிஷத்தயும் அதே ஆள் முந்தின நாள் அதே நேரம் ஓட்டினதயும் ஒப்பிட்டாங்க. நாலு மடங்கு ரிஸ்க். இதுல ஞாபகத்த நம்பல, கம்பெனி பில்; ரெண்டு வேற வேற ஆள ஒப்பிடல, அதே ஆள அவரோடயே ஒப்பிட்டாங்க. இன்டர்போன்ல இருந்த ரெண்டு ஓட்டையும் இங்க அடைபட்டிருச்சு. 2005ல ஆஸ்திரேலியால பெர்த்ல, அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த 456 பேர வெச்சு திரும்பப் பண்ணாங்க, மறுபடியும் நாலு மடங்கு. ஹேண்ட்ஸ் ஃப்ரீ போட்டா பரவால்லன்னு நினைச்சா ரெண்டுலயும் அது காப்பாத்தல, கை பிரச்சனை இல்ல, கவனம்தான். கேன்சர் வருமோன்னு பயந்து இயர்போன மாட்டிக்கிட்டு வண்டில பேசிக்கிட்டே போறவங்கள பாத்தா என்னத்த சொல்ல.

கழுத்து வலி?

குனிஞ்சே பாத்தா வலிக்கும். 60 டிகிரி குனிஞ்சா கழுத்துல 27 கிலோ பாரம்னு ஒரு படம் சுத்துமே, அது 2014ல கம்ப்யூட்டர் மாடல்ல போட்ட கணக்கு, ஆளுங்ககிட்ட அளந்தது இல்ல.

கதிர்வீச்ச தடுக்குற ஸ்டிக்கர், கவர் வாங்கலாமா?

வாங்காதீங்க. ஒண்ணு வேலையே செய்யாது, இல்லன்னா ஆன்டெனாவ மறைச்சு போன அதிக பவர்ல கத்த வைக்கும். அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு எஃப்டிசியும் இதையேதான் சொல்லுது. நாலு போன வெச்சு பாப்கார்ன் பொரிச்ச வீடியோவ இன்னும் அனுப்புறவங்க இருக்காங்க, அது 2008ல ஒரு ப்ளூடூத் ஹெட்செட் கம்பெனி எடுத்த விளம்பரம்.

பேஸ்மேக்கர் வெச்சிருக்கேன்?

காந்தம் உள்ள போன சட்டைப் பாக்கெட்ல வெக்காதீங்க. ஐபோன் 12ல இருக்குற காந்தம் நெஞ்சுல இருக்குற கருவியோட செட்டிங்க மாத்துதுன்னு 2021ல டாக்டர்கள் காட்டினாங்க, 15 சென்டிமீட்டர் தள்ளி வெக்கணும்.

எல்லாம் சரி, இருந்தும் பயமா இருக்கு, என்ன பண்ணட்டும்?

ஸ்பீக்கர்ல பேசுங்க, இல்ல இயர்போன், தலைலேர்ந்து ஒரு சாண் தள்ளிப் போனாலே விழுறது பல மடங்கு இறங்கிடும். சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது நீளமாப் பேசாதீங்க. ராத்திரி போன் வேற ரூம்ல. இதுக்கு மேல எதுவும் தேவைன்னு எனக்குத் தோணல.

இனிமே என்ன வரப் போகுது?

ஐஏஆர்சியோட ஆலோசனைக் குழு 2024ல, ரேடியோ அலைய 2025லேர்ந்து 2029க்குள்ள மறுபடியும் எடுத்துப் பாருங்கன்னு முன்னுரிமை லிஸ்ட்ல போட்டிருக்கு. எலி ரிசல்ட்ட சரி பாக்க ஜப்பானும் தென்கொரியாவும் சேர்ந்து இறங்கினாங்க, காஸ்மாஸ் ஆளுங்களயும் தொடர்ந்து பாத்துக்கிட்டு இருக்காங்க. என் ஊகம், எலிகள காரணமா காட்டி 2பிலேர்ந்து ஒரு படி ஏத்தினாலும் ஏத்துவாங்க, ஏத்தினா அன்னைக்கு எல்லா சேனல்லயும் அதான் ஓடும். அப்பவும் அந்த ஏழே முக்கால் லட்சம் பெண்களோட டேட்டாவும் காஸ்மாஸ் டேட்டாவும் அதேதான், அதுல ஒரு நம்பர் கூட மாறியிருக்காது.